படத்தட்டும் அதன் முதலாளிகளும்

வானொலியையும் வர்ணத் தொலைக்காட்சியையும் அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டு சென்ற கம்பனி ஆர்.சீ.ஏ. என்.பீ.சீ. ஒலிபரப்புச் சேவையும் அன்று அதன் உடைமையாகவே இருந்தது. இத்தகைய பெருநிறுவனம் 1964இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிப் பதினேழாண்டுகள் அதிலே பொருளைக் கொட்டி, 1981 மார்ச்சில் படத்தட்டு ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. மூன்றாண்டுகளில் அதனைக் கைவிட்டது. நட்டம் ஏறத்தாழ 58 கோடி டொலர்.

படத்தட்டு ஓர் இசைத்தட்டேயாம். காபன் கலந்த பிளாத்திக்கில், ஓர் அங்குல அகலத்துள் ஏறக்குறைய 9,500 வரிப்பள்ளங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அவற்றின் வழியே வைரமுனை ஒன்று ஊர்ந்து செல்லும். பள்ளத்தின் மேடுதாழ்வுக்கேற்ப, முனையிலுள்ள மெல்லிய உலோகத் தகட்டுக்கும் தட்டுக்கும் இடையிலான மின்கொள்ளளவம் மாறும். அம்மாற்றமே படமும் ஒலியும் ஆகும். தூசு பட்டால் முனை தாவிவிடும் என்பதால் தட்டை எவரும் கையாலே தொடலாகாது. ஒரு பிளாத்திக் உறையோடு கருவியுள் நுழைத்து, உறையை மாத்திரம் வெளியே இழுத்துவிட வேண்டும். பக்கமொன்றுக்கு ஒரு மணி நேரம். ஆகவே படத்தின் நடுவே எழுந்து சென்று தட்டைப் புரட்டுவது தவிர்க்க இயலாததாயிற்று. ஊசியைக் கொண்டு சினிமாவை ஓடச் செய்த அப்பொறியியலாளரின் திறமையைக் குறைத்துரைப்பது நேர்மையாகாது.

பிழை வேறிடத்திலிருந்தது. இசைத்தட்டு விற்ற அனுபவமே கம்பனியின் கண்ணை மறைத்தது. கருவியை மலிவாகக் கொடு. பின்னர் தட்டுகளை ஆண்டாண்டாய் விற்றுக்கொண்டிரு. இதுவே கணக்கு. கருவியின் விலை 500 டொலர்; நாடாப் பதிவுக் கருவியோ அப்போது அதனினும் மிகக் கூடுதலான விலை. எனினும் படத்தட்டுக் கருவியால் எதனையும் பதிவு செய்ய இயலாது. கம்பனி தருவதை வாங்கிப் பார்க்கலாம், அவ்வளவே.

நாடாவோ தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து விரும்பிய நேரத்திற் பார்க்கும் உரிமையைத் தந்தது. யப்பானின் ஜே.வி.சீ. 1976இல் வெளியிட்ட வீ.எச்.எஸ். நாடா விரைவிலே பரவியது. தெருவோரக் கடைகளிற் படநாடாக்களை ஒரு நாளுக்கு வாடகைக்குப் பெறவும் முடிந்தது. இன்னொரு வேடிக்கை: யப்பானியர் செய்த நாடாக் கருவியை 1977 முதலே தன் பெயர் பொறித்து விற்றதும் இதே ஆர்.சீ.ஏ.தான்!

படமுதலாளிகள் நாடாவைக் கண்டு நடுங்கினர். யூனிவர்சல் நிறுவனம் 1976இல் சோனிமீது வழக்குத் தொடுத்தது. அதன் தாய்க்கம்பனியாகிய எம்.சீ.ஏ., பிலிப்சுடன் கூடி, லேசர் ஒளியால் இயங்கும் வேறொரு படத்தட்டை 1978இல் வெளியிட்டதும் தற்செயலன்று. அதிலும் பார்வையாளன் எதனையும் பதிய இயலாது. 1984 சனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம், வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்ப்பது குற்றமாகாதென ஐவருக்கு நால்வர் என்ற நிலையில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஏப்ரிலிலே ஆர்.சீ.ஏ. தன் கருவி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. முதலாண்டில் இரண்டு இலட்சம் கருவிகள் விற்குமென எதிர்பார்த்திருந்தனர். அதிற் பாதியளவே விற்றது. மொத்த விற்பனை ஏறக்குறைய ஐந்தரை இலட்சம். நாடா வென்றதைப் பொதுமக்களின் வெற்றியென்று கொண்டாடவும் வேண்டியதில்லை. அதன் பின்னும் பெருமுதலாளிகளே நின்றனர்.

58 கோடியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்கருவிகளைப் பூட்டிய கைகளைப் பற்றி எழுதியோர் சிலரே. கம்டன் நகரில் 1936இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபின், ஆர்.சீ.ஏ. மலிவான உழைப்பைத் தேடி 1940இல் இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டன் ஊருக்குச் சென்றது. அங்கு வேலைக்கமர்ந்தோருட் பெரும்பாலோர் பெண்கள். 1968 முதல் அதே தேட்டம் கம்பனியை மெக்சிக்கோ எல்லை நகராகிய ஹுவாரசுக்கும் இழுத்துச் சென்றது. புளூமிங்டன் மக்கள் படத்தட்டுக் கருவியையும் பூட்டித் தந்தனர். அது வென்றால் தம் வேலை நிலைக்குமென்று நம்ப அவர்களுக்குக் காரணமிருந்தது. 1986இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆர்.சீ.ஏ.யை விழுங்கிற்று; அடுத்து அத்தொழிற்சாலை பிரான்சின் தொம்சன் கம்பனியின் கைக்கு மாறியது. 1998இல் அதன் கதவுகள் மூடப்பட்டன. எஞ்சிய வேலை ஹுவாரசுக்குப் போயிற்று.