கிங்ஸ்டன் கிலுகிலுப்பை

காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, உள்ளே வண்ணப் பொருட்கள் சிலவற்றைப் போட்டு, மூடியை இனிக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டால் கிலுகிலுப்பை தயார். பழைய அட்டைப்பெட்டியை வெட்டினால் படம் பொருத்தும் விளையாட்டு. துணித்துண்டுகளைத் தைத்தால் பொம்மை. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கு இத்தகைய சாமான்கள் ஒரு பையில் வாராவாரம் போயின. அந்தப் பை பின்னர் கண்டங்களைத் தாண்டி ஒடிசா வரைக்கும் வந்திருக்கிறது.

இதன் தொடக்கம் மருத்துவமனையில். மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகர், கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு வந்த குழந்தைகளை 1970களில் ஆராய்ந்தார். சிகிச்சையில் உடம்பு தேறியது. அறிவு வளர்ச்சி மட்டும் பின்தங்கியே நின்றது. எனவே வார்டிலேயே குழந்தைகளோடு விளையாட ஏற்பாடு செய்தார்கள். வீடு திரும்பிய பிறகும் ஆள் அனுப்பி அதைத் தொடர்ந்தார்கள். சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்தக் குழந்தைகள் வேகமாக முன்னேறினார்கள்.

அடுத்து, 1986-87இல், பை நேராகக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். எல்லோரும் 9 முதல் 24 மாதம் வரையானவர்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேர வருகை. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

பையைச் சுமந்தவர்கள் பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற சமூகச் சுகாதார உதவியாளர்கள். வந்ததும் தாயிடம் நலம் விசாரிப்பார்கள். போன வாரம் கொடுத்த சாமானை வைத்து என்ன விளையாடினீர்கள் என்று கேட்பார்கள். ஒரு பாட்டு, பிறகு புதிய விளையாட்டு. அதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு உடனே தாயின் கையில் கொடுத்துவிடுவார்கள். தாய் செய்து பார்ப்பாள். குழந்தை ஒன்றைச் சரியாகச் செய்தால் அதன் பெயர் சொல்லிப் பாராட்டுவாள். சாமான் வீட்டிலேயே தங்கும், அடுத்த வாரம் வேறொன்று வரும். குழந்தை வளர வளர விளையாட்டும் கடினமாகிக்கொண்டே போகும். பாட்டிலும் அட்டையும் ஒரு சாக்கு. தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்குவதே உண்மையான வேலை.

வாரம் ஒருமுறை அவசியமா என்பதையும் ஜமைக்காவிலேயே சோதித்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை போன வீடுகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை போனால் ஓரளவு. வாராவாரம் போன இடத்தில்தான் வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது.

129 பேரில் 105 பேரை இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேடிப் பிடித்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் நீடித்த பலன் தென்படவில்லை. விளையாட்டுப் பை போன வீட்டுப் பிள்ளைகளோ, போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். வளர்ச்சிக் குறைவே இல்லாத சக வயதினருக்கு இணையாக நின்றார்கள். இந்த முடிவு 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. எழுதியவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன்.

இதற்கிடையே பை பல நாடுகளைப் பார்த்துவிட்டது. வங்கதேசத்தில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளிடம் போனது. கொலம்பியாவில் 96 ஊர்களில், அந்தந்த ஊர்த் தாய்மார்களே அதைச் சுமந்தார்கள். பெருவின் கிராமங்களில் 'குனா மாஸ்' என்ற அரசுத் திட்டமாயிற்று. சீனத்தில் கான்சு மாகாணத்தின் மலைப்பகுதிக்கு ஏறியது. நம் நாட்டில் ஒடிசாவிலுள்ள கட்டாக்கின் குடிசைப் பகுதிகளுக்கு வந்தது. போன இடமெல்லாம் பாட்டு மாறியது, படப்புத்தகத்தின் படங்கள் மாறின. வாராந்தரச் சந்திப்பும் தாயின் பங்கும் மாறவில்லை.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல முடியாது. கொலம்பியாவில் திட்டம் முடிந்த இரண்டாண்டில் பலன் மங்கிவிட்டது. மாறாக, ஒடிசா கிராமங்களில் தாய்மார்களைக் கூட்டமாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தபோது, செலவு குறைந்தது. பலனோ வீடுவீடாகப் போனதற்குக் குறையவில்லை. ஆக, வழி ஊருக்கு ஊர் மாறலாம். இடைவிடாமல் தொடர்வதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

இந்தியாவில் இதற்கான ஆட்களாக ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2018 முதல் ஆஷா பணியாளர்கள், குழந்தைக்கு 3, 6, 9, 12, 15 மாதம் ஆகும்போது வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 2024இல் மத்திய அரசு 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. மாதவாரியான விளையாட்டுகள் அதில் உள்ளன. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு வருகையால் தாய்க்குப் பழக்கம் படியாது. வாராவாரம் தாயைச் சந்திக்க வேண்டுமென்றால் அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டுச் சுமையைக் குறைக்க வேண்டும், கூடுதல் ஆள் தர வேண்டும், உழைப்புக்கேற்ற ஊதியம் தர வேண்டும். பாட்டிலுக்கும் அட்டைக்கும் அரசு செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பையைச் சுமக்கும் பெண்ணுக்குச் செலவழிக்கட்டும்.