வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் ஊர்க் காணியும்

குருக்கள்மடம் பகுதியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள நிலம் ஒடுங்கியது. காத்தான்குடி தொடக்கம் களுவாஞ்சிகுடி வரை இதே நிலைதான். அதனால் இங்கு காணி என்றாலே கவனம் வேண்டும். லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியுரிமை பெற்ற நம் உறவினர்கள் ஊரில் காணி வாங்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஆசிரியர் என்ற வகையில் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணி (பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள்) சட்டம் 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும். வெளிநாட்டவருக்கும், 50 வீதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் காணி உரித்தை மாற்ற முடியாது என்பதே அதன் பொது விதி. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தொடர்மாடி வீட்டை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாங்கலாம். இதற்கு முன்பும் தடை இருந்தது: 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இத்தகைய கைமாற்றத்துக்கு 100 வீத வரி விதித்தது.

கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்பவர் இலங்கைப் பிரஜைதான், அவருக்குத் தடையில்லை. ஆனால் விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவர், அனுமதி பெற்றிராவிட்டால், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். பிறந்த ஊரிலேயே அவர் வெளிநாட்டவர். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றால் இத்தடை அவருக்கு இல்லை.

வாரிசுரிமையின் கதவு மூடப்படவில்லை. நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ, மரண சாசனத்தாலோ, சாசனமின்றி வாரிசாகவோ காணி சேரலாம். வாப்பா வபாத்தானால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, வெளிநாட்டுப் பிரஜையான மகளின் பங்கும் பங்குதான். "நீ வெளிநாட்டுக்காரி, உனக்குக் காணி கிடையாது" என்று சகோதரர்கள் சொல்வதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. அரச பெர்மிட் காணிக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. காசு அனுப்புபவர் ஒருவர், உறுதியில் பெயர் இன்னொருவர். வாய்ப்பேச்சு அமானத், பிள்ளைகள் காலத்தில் வழக்காகிறது. அனுப்பிய காசு கடனா, அன்பளிப்பா என்பதைச் சாட்சியோடு எழுதுங்கள். கடனை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை, பிறகு நொத்தாரிசு: இந்த ஒழுங்கே பாதுகாப்பானது.