காவிரி டெல்டாவின் வெளிக்காற்றில் ரேடான்

ரேடான் என்பது பாறையிலும் மண்ணிலும் உள்ள ரேடியம் சிதைவதால் உண்டாகும், நிறமும் மணமும் அற்ற கதிரியக்க வளிமம். யுரேனியத் தொடரில் பிறக்கும் ரேடான்-222இன் அரையாயுள் 3.8 நாள். தோரியத் தொடரில் பிறக்கும் ரேடான்-220 (தோரான்) 56 நொடியில் பாதியாகிவிடுவதால் தரையை ஒட்டியே பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. உலகில் பொதுவாக வெளிக்காற்றின் ரேடான் அளவு கன மீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல். ஓரிடத்தின் அளவை மண்ணின் ரேடியமும், மண்ணின் துளைகளும், அவற்றில் நிற்கும் நீரும், மேலே வீசும் காற்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டைக் குன்றாக வெளியே தெரியும் பழம்பாறை, கல்லணைக்குக் கிழக்கே வண்டலுக்கு அடியில் ஆழ்ந்துவிடுகிறது. அதனால்தான் 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கருங்கல் வெளியிலிருந்தே வந்தது. ஆயினும் அந்த வண்டல் மேற்கிலுள்ள பாறைகள் தேய்ந்து வந்த துகளே. அவற்றின் யுரேனியமும் தோரியமும் அதில் கலந்துள்ளன. தஞ்சையை அடுத்த வல்லம் பகுதியின் செம்மண், சரளை மேட்டில் நீர் எளிதில் வடிவதால் மண்ணின் துளைகளில் காற்று நிறைந்து ரேடான் மேலேற வழி கிடைக்கிறது. களிமண் வயல்களில் அந்த வழி குறுகல்.

டெல்டாவின் தனித்தன்மை நீர்தான். மண்ணில் சிறிது ஈரம் இருந்தால், துகளிலிருந்து தெறிக்கும் ரேடான் அணு எதிர்த் துகளில் புதையாமல் துளையில் தங்கும். ஆனால் துளைகள் முழுதும் நீரால் நிரம்பினால் வெளியேற்றம் வெகுவாகக் குறையும். நீரில் ரேடான் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மேட்டூர் அணை திறந்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் சேறடித்து நீர் கட்டும் மாதங்களில் வயலின் மேற்பரப்பு இவ்வாறு அடைபடுகிறது. அறுவடைக்குப் பின் கோடையில் களிமண் காய்ந்து வெடிக்கும்போது, வெடிப்புகள் வழியே மண்காற்று மேலே வருகிறது.

காற்றின் பங்கும் பெரிது. அசைவற்ற இரவில் தரையருகே ரேடான் சேர்ந்து விடியலில் உச்சத்தைத் தொடுகிறது. பிற்பகல் வெப்பக் கலப்பில் கலைகிறது. கடற்பரப்பு நிலத்தைவிட மிகக் குறைவாகவே ரேடானை வெளிவிடுவதால், நாகப்பட்டினக் கரையில் கடற்காற்று அளவைத் தணிக்கிறது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் நிலைமை வேறு: அங்குள்ள மோனசைட் மணலில் தோரியம் மிகுதி என்பதால் தரையருகே தோரான் முதன்மை பெறுகிறது.

ஆகவே டெல்டாவில் எடுக்கும் ஓர் அளவீடு, மண்வகை, பருவம், வயலில் நீர் நின்ற நிலை, அளந்த வேளை ஆகியவற்றோடு குறிக்கப்பட்டால்தான் பிற இடங்களோடு ஒப்பிடத் தகுந்ததாகும்.