ஸ்கைரிம்: தூரத்தில் புல் ஏன் தெரிவதில்லை? மாட் மூலம் வரவைப்பது எப்படி?

வைட்ரன் நகர வாசலில் நின்று பார்த்தால், காலடியில் புல் காற்றில் ஆடும். அதே சமவெளி கொஞ்சம் தள்ளிப் போனதும் பெயின்ட் அடித்த தரை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். குதிரையில் ஏறினால் இன்னும் மோசம். நாம் போகப் போக, முன்னால் ஒரு வட்டமாகப் புல் திடீர் திடீரென முளைத்துக்கொண்டே வரும்.

‘ஸ்கைரிம்’ கேம் 2011 நவம்பர் 11-ல் வெளியானது. 2016-ல் ஸ்பெஷல் எடிஷனும் வந்துவிட்டது. மலை, மரம், முகம் என எல்லாவற்றையும் மாட் போட்டு மாற்றியவர்களுக்கும் இந்தத் தூரத்து வழுக்கை மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும். சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால் வேலைகளின் வரிசை மாறினால் ஒரு ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடியது வீண்.

புல் எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை, அது அங்கே இருந்ததே இல்லை!

கேமின் உலகம் ‘செல்’ எனப்படும் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செல்லின் பக்கம் 4,096 யூனிட், அதாவது சுமார் 58 மீட்டர். வழக்கமான செட்டிங்கில், பிளேயர் நிற்கும் செல்லை நடுவில் வைத்து 5-க்கு 5 என 25 செல்கள் மட்டுமே முழுமையாக லோடு ஆகும். அதற்கு அப்பால் தெரியும் மலையும் கோட்டையும் ‘லாட்’ எனப்படும் எளிமையான மாதிரிகள்தான். நாடக மேடையில் பின்னால் தொங்கும் படுதா மாதிரி.

மரத்துக்கும் வீட்டுக்கும் அந்தப் படுதாவில் இடம் உண்டு. புல்லுக்கு இல்லை. காரணம், புல்லை யாரும் கையால் நட்டு வைக்கவில்லை. ‘இந்த வகை மண்ணில் இந்த வகைப் புல்’ என்று விதி மட்டும்தான் ஃபைலில் இருக்கிறது. செல் லோடு ஆகும் அந்த நேரத்தில்தான் கேம் அந்த விதியைப் படித்துப் புல்லை விதைக்கிறது. அதனால் தூரத்தில் எங்கே புல் இருக்கும் என்பது கேமுக்கே தெரியாது.

முதலில் புல் கணக்கெடுப்பு

தீர்வு வந்தது வேறொரு மாட் வழியாக. பாறைக்குள்ளும் சாலை நடுவிலும் புல் முளைப்பதைத் தடுக்க வந்ததுதான் ‘நோ கிராஸ் இன் ஆப்ஜெக்ட்ஸ்’. இது தனியாக ஓடாது, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வேண்டும். பிறகு இதில் ‘கிராஸ் கேஷ்’ என்ற வசதி சேர்ந்தது. ஒவ்வொரு செல்லிலும் எந்தப் புல் எந்த இடத்தில் என்று எழுதி, செல்லுக்கு ஒரு ஃபைலாகச் சேமித்து வைப்பதுதான் அது.

இதன் பழைய பதிப்பு, கேமின் 1.5.97 வெர்ஷனுக்கு எழுதப்பட்டது. 2021 நவம்பர் அப்டேட்டுக்குப் பிந்தைய கேம் வைத்திருப்பவர்கள் ‘என்ஜி’ என்று முடியும் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

கேம் ஃபோல்டரில் ‘ப்ரீகேஷ்கிராஸ்’ என்ற பெயரில் ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல் வைத்துவிட்டு கேமைத் திறந்தால் கணக்கெடுப்பு ஆரம்பிக்கும். கேம் தானாக ஒவ்வொரு செல்லாகப் போய் வரும். நடுவில் கேம் கிராஷ் ஆகும், பயப்பட வேண்டாம். பலமுறை ஆவதும் சகஜம்தான். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படித் தானாகத் திறந்துவிடவே குட்டி டூல்கள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அந்த டெக்ஸ்ட் ஃபைல் காணாமல் போகும், அதுதான் அடையாளம். இதற்குச் சில மணி நேரம் ஆகும். பருவ காலத்தை மாற்றும் மாட் போட்டிருந்தால் நான்கு பருவத்துக்கும் தனித்தனி கணக்கு என்பதால், அன்று கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய்விடுவதே நல்லது.

புல்லின் அடர்த்தியை இதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ‘மின் கிராஸ் சைஸ்’ என்ற எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. இந்த எண் கூடினால் புல் குறையும். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அடுத்து படுதா வரைவது

இனி ‘டின்டோலாட்’ டூலின் வேலை. அதனுடன் வரும் ‘டெக்ஸ்ஜென்’ முதலில் ஒவ்வொரு புல் வகையையும் தட்டையான படமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் படங்களை ஒரு மாட் போலச் சேர்த்து ஆன் செய்த பிறகே டின்டோலாட்டைத் திறக்க வேண்டும். அதில் ‘கிராஸ் லாட்’ பெட்டியை டிக் செய்தால், சேமித்த கணக்கைப் பார்த்து, புல் இருக்க வேண்டிய இடத்தில் படத்தை நட்டுவிடும்.

இங்கே கோட்டைவிடுவது ‘மோட்’ விஷயத்தில். மோட் 1 என்றால் லோடு ஆன செல்கள் வரை நிஜப் புல், அதன் பிறகு படம். மோட் 2 என்றால் நிஜப் புல்லே இன்னும் தூரம் போகும், கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமையும் கூடும். டின்டோலாட்டில் எதைத் தேர்ந்தெடுத்தோமோ, புல் மாட்டின் செட்டிங்கிலும் அதே எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வட்டம் மொட்டையாகத் தெரியும், அல்லது நிஜப் புல்லும் படமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சாதாரண லேப்டாப்புக்கு மோட் 1 போதும்.

படப்புல்லும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வராது. முதல் கட்ட லாட் முடியும் இடத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் தரைப் படம்தான். கிட்டே ஒரு நிறம், தூரத்தில் ஒரு நிறமாகப் புல் தெரிந்தால், படப்புல்லின் பிரைட்னஸ் அளவுகளை டின்டோலாட் செட்டிங்ஸ் ஃபைலில் மாற்றிப் பார்க்கலாம்.

புது மாட் சேர்த்தால்?

இதுதான் பலரையும் கடுப்பேற்றும் இடம். எடுத்த கணக்கு அன்றைய மாட் பட்டியலுக்கு மட்டுமே செல்லும். பிறகு ஆசைப்பட்டு ஒரு புது கிராமம் மாட் சேர்த்தால், கேமுக்குப் பழைய கணக்குதான் தெரியும். புது வீட்டின் தரையைத் துளைத்துக்கொண்டு புல் நிற்கும். நிலத்தின் உயரம் மாறியிருந்தால் புல் அந்தரத்தில் மிதக்கும். புல் மாட்டையே மாற்றினாலும் கணக்கெடுப்பு, டெக்ஸ்ஜென், டின்டோலாட் என மூன்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதனால்தான் நிலம், சாலை, ஊர் சம்பந்தப்பட்ட மாட்கள் எல்லாம் முடிவான பிறகே, கடைசி வேலையாக இதைச் செய்கிறார்கள். ஆயுதம், உடை, சத்தம் மாதிரி மாட்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எல்லாம் முடிந்து கேம் திணறினால், கணக்கெடுப்பை மறுபடி தொட வேண்டியதில்லை. டின்டோலாட்டில் தூரத்துப் புல்லின் ‘டென்சிட்டி’ சதவீதத்தைக் குறைத்து, அதை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். பாதிக்கும் கீழே இறக்கினாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.