பாரசீகப் பூனையின் குணவியல்பும் யாழ்ப்பாணத்து வீட்டுப் பூனையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு விலங்கின் குணம் அதன் பிறவியோடு வருவது என்பது பொதுவான நம்பிக்கை. நீள்மயிர்ப் பாரசீகப் பூனை சாந்தமானது, ஓடித்திரிய விரும்பாதது, மனிதரின் பராமரிப்பை வேண்டி நிற்பது என இன்று கூறப்படுவதும் இந்நம்பிக்கையின்பாற்பட்டதே. ஆயின் குணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை யாழ்ப்பாணத்து வீட்டுப் பூனையின் நிலையோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போத்துக்கேயர் வசமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1620ஆம் ஆண்டளவில், பாரசீகத்தில் தங்கியிருந்த பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, குராசான் பகுதிப் பூனைகளின் பட்டுப்போன்ற சாம்பல்நிற மயிரையும் நீண்ட மயிரடர்ந்த வாலையும் வியந்து எழுதினார். அவற்றைப் போத்துக்கேயர் இந்தியாவுக்குக் கொண்டுசென்றனர் என்ற செய்தியும் அவர் வழியாகவே கிடைக்கின்றது. பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹோர்முஸ் 1622 வரை போத்துக்கேயர் கையில் இருந்தமையை நோக்கின் இது வியப்பன்று.

போத்துக்கேயரோடு வந்த புதிய பொருட்கள் தம் பெயர்களையும் தமிழில் விட்டுச்சென்றன. அலுமாரி, மேசை, சப்பாத்து, யன்னல் என்பன அத்தகையன. பூனைக்கு அவ்வாறு புதுப்பெயர் எதுவும் வழங்கலாயிற்றில்லை. காரணம் வெளிப்படை, தமிழர் அதனை முன்னரே நன்கறிந்திருந்தனர். வெருகினைப் பூசை என வழங்கும் மரபைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கின்றது. மாலைவேளையில் வரும் வெருகுக்கு அஞ்சும் மனைக்கோழியைக் குறுந்தொகை காட்டுகின்றது. மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பத்தில், எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கின்றது ஒரு பூனை. ஆகவே தமிழர் கண்ட பூனையின் குணம் வேட்டை, பொறுமை, தந்திரம் என்பனவாம். நெல்லைச் சேமித்துவைத்து ஓலைக்கூரையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் பூனையிடம் எதிர்பார்த்ததும் எலி பிடிக்கும் அந்த வேட்டைத் திறனையே.

நீள்மயிர்ப் பூனையின் கதை வேறு திசையிற் சென்றது. 1871 யூலை 13ஆம் திகதி இலண்டன் பளிங்கு மாளிகையில் ஹரிசன் வியர் என்பார் பெரும் பூனைக் கண்காட்சியொன்றை நடத்தினார். அதன்பின் பூனை வளர்ப்பு, இனத்தூய்மை பேணும் கலையாக வளர்ந்தது. எனினும் 1889இல் வெளியான தமது நூலில், பாரசீகப் பூனையின் சுபாவம் குறுமயிர்ப் பூனையினதைவிட நம்பகம் குறைந்தது என்றே வியர் கருதினார். இன்று அதே இனம் சாந்தத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. பிறவிக்குணம் என்றும் மாறாததாயின் இவ்வேறுபாட்டை விளக்குதல் அரிது.

இங்கு அறிவியல் துணைசெய்கின்றது. 2008இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இன்றைய பாரசீகப் பூனையினம் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கியது எனக் காட்டிற்று. பெயர் பாரசீகத்தது, உருவாக்கம் ஐரோப்பாவினது. ஏறத்தாழ 5,700 பூனைகளை உள்ளடக்கி 2019இல் வெளியான ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வு, பூனையினங்களிடையே நடத்தை வேறுபடுவதையும், ஆராயப்பட்ட இனங்களில் அவ்வேறுபாட்டின் ஏறத்தாழப் பாதி மரபுவழியது என்பதையும் எடுத்துரைத்தது. மரபுவழி வருவது எதுவோ அதனையே வளர்ப்போர் தலைமுறைதோறும் தெரிந்தெடுக்க முடியும். எஞ்சிய பாதியில் வாழும் வீட்டுக்கும் பங்குண்டு. நாள்தோறும் மயிர் சீவப்பட்டு, மனிதர் கைபட்டு, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை அமைதியாயிருத்தல் இயல்பே.

எனவே பாரசீகப் பூனையின் சாந்தம் உயர்வன்று. யாழ்ப்பாணத்துப் பூனையின் விலகலும் விழிப்பும் தாழ்வன்று. இரண்டும் அவ்வவற்றை வளர்த்த மனிதர் வேண்டியவற்றின் விளைவுகளே. ஒன்றைச் ‘சாதிப் பூனை’ என்றும் மற்றதை வெறும் ‘ஊர்ப் பூனை’ என்றும் அழைக்கும்போது, மனிதர் உண்டாக்கிய வேறுபாடு பிறப்பின் மேன்மையாகத் தோற்றங் கொள்கின்றது. பிறப்பைக்கொண்டு குணத்தை அளக்கும் இவ்வழக்கம் எமது சமுதாயத்திற் பூனையோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதும் இங்கு சிந்திக்கற்பாலது.