ஹோண்டா சிட்டியா, ஹூண்டாய் வெர்னாவா? புக்கிங் பணம் கட்டும் முன் வீட்டில் பேச வேண்டியவை

எஸ்யுவி வேண்டாம், செடான்தான் என்று முடிவு செய்துவிட்ட குடும்பங்களின் பட்டியலில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான்: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா. சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998ல். வெர்னா வந்தது 2006ல். இதே விலையில் போட்டியில் இருந்த மாருதி சியாஸ் 2025ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஸ்கோடா ஸ்லேவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஆகியவையும் நல்ல கார்கள்தான். ஆனால் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்வியிலேயே பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டு காரையும் ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது பவர், மைலேஜ், ஸ்டார் ரேட்டிங். மூன்றுமே பேப்பரில் இருக்கும் எண்கள். அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அதில் எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே சொல்லப்படுபவை 2023 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமான சிட்டி, வெர்னா மாடல்களைப் பற்றியவை. வேரியன்ட்களும் விலையும் அடிக்கடி மாறும் என்பதால் ஷோரூமில் அன்றைய பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்?

குடும்பக் கார் என்றால் முதல் கேள்வி இதுதான். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம், வெர்னாவில் 2,670 மி.மீ. சிட்டியில் 2,600 மி.மீ. அகலத்திலும் வெர்னா 17 மி.மீ. கூடுதல். இதை மட்டும் பார்த்தால் வெர்னாதான் வசதியான கார் என்று தோன்றும். கால் நீட்ட இடம், தோள் இடிக்காமல் மூன்று பேர் உட்கார இடம் என்றால் அது உண்மையும்கூட.

ஆனால் வெர்னாவின் கூரை பின்பக்கம் நோக்கிச் சரிந்து இறங்குகிறது. வெளியிலிருந்து பார்க்க அது அழகு. உள்ளே ஏறும்போதுதான் சிக்கல். முழங்கால் வலி இருக்கும் அப்பாவோ இடுப்பு வலி இருக்கும் அம்மாவோ தலையைக் குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே போக வேண்டியிருக்கும். உயரமானவர்களுக்குத் தலை கூரையைத் தொடும் அளவுக்கு வரும். சிட்டியின் உயரம் 1,489 மி.மீ., வெர்னாவின் உயரம் 1,475 மி.மீ. வித்தியாசம் 14 மி.மீ.தானே என்று தோன்றலாம். கூரையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால் பின் சீட்டில் அது நன்றாகவே தெரியும்.

அதனால் டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டுபவர் மட்டும் போவது வீண். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். பின் கதவைத் திறந்து அவர்களையே ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரிலும் ஏற்றிப் பாருங்கள். செடான் அடி தட்டுகிறதா இல்லையா என்பது ஷோரூம் ரோட்டில் தெரியாது.

5 ஸ்டார் என்றால் கவலையே இல்லையா?

வெர்னா 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியது. பெரியவர்கள் பாதுகாப்பில் 34க்கு 28.18 புள்ளி, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 42 புள்ளி. விளம்பரத்தில் வருவது இதுவரைதான். அதே அறிக்கை வெர்னாவின் பாடி அமைப்பை 'நிலையற்றது' என்றும் குறிப்பிட்டது. அதாவது, சோதனையில் வந்ததைவிடக் கூடுதல் விசையில் மோதினால் பயணிகள் இருக்கும் கூடு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆறு ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்றவை எல்லா வேரியன்ட்டிலும் இருப்பதற்கும், பக்கவாட்டு மோதலில் தந்த பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் 5 ஸ்டார் கிடைத்தது. ஸ்லேவியாவும் விர்டஸும் அதே 2023ல் 5 ஸ்டார் வாங்கியவை. பாதுகாப்புதான் முதல் கவலை என்றால் அந்த இரண்டையும் ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்லது.

சிட்டி கதை வேறு. இந்தத் தலைமுறை சிட்டிக்கு 5 ஸ்டார் தந்தது ஆசியான் என்கேப். அது தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கான சோதனை. குளோபல் என்கேப் 2022ல் 4 ஸ்டார் கொடுத்தது இதற்கு முந்தைய, நான்காம் தலைமுறை சிட்டிக்கு. சேல்ஸ்மேன் "சிட்டிக்கும் 5 ஸ்டார் சார்" என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஒரே பரீட்சை அல்ல, மார்க்கை நேராக ஒப்பிட முடியாது.

சிட்டியில் ஆறு ஏர்பேக் 2024 முதல்தான் எல்லா வேரியன்ட்டுக்கும் வந்தது. செகண்ட் ஹேண்டில் சிட்டி பார்ப்பவர்கள் அதற்கு முந்தைய பேஸ் வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று கேட்டுக்கொள்வது முக்கியம்.

முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் தானே பிரேக் பிடிக்கும், லேன் மாறினால் எச்சரிக்கும் 'அடாஸ்' வசதியில் சிட்டிக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கிறது. ஆரம்ப வேரியன்ட்டைத் தாண்டிவிட்டால், மேனுவல் கியர் வண்டியிலும் கிடைக்கும். வெர்னாவில் எஸ்எக்ஸ்(ஓ) போன்ற மேல் வேரியன்ட்களுக்குப் போக வேண்டும். அதே சமயம் சிட்டியின் அமைப்பு கேமராவை மட்டும் நம்பியது. வெர்னாவில் ரேடாரும் உண்டு, பின்னால் பக்கவாட்டில் வரும் வண்டியைப் பற்றியும் எச்சரிக்கும். சிட்டியில் அதற்குப் பதிலாக இடது கண்ணாடியில் ஒரு கேமரா. அது இடது பக்கத்தை மட்டும்தான் காட்டும்.

எந்த இன்ஜின், எந்த கியர்?

டீசல் தேடுபவர்களுக்கு இரண்டிலுமே இடமில்லை, 2023லேயே நின்றுவிட்டது.

சிட்டியில் 1.5 லிட்டர் பெட்ரோல், 121 பிஎஸ் பவர், 145 என்எம் டார்க். வெர்னாவின் சாதா 1.5 லிட்டர் இன்ஜின் 115 பிஎஸ், 144 என்எம். பேப்பரில் ஏறக்குறைய சமம். ஓட்டிப் பார்த்தால் சிட்டியின் இன்ஜின் மேல் வேகத்தில் இன்னும் சுறுசுறுப்பு. வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ முற்றிலும் வேறு ரகம்: 160 பிஎஸ், 253 என்எம். நாலு பேர், லக்கேஜ், ஏசி எல்லாம் வைத்துக்கொண்டு ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது இந்த வித்தியாசம் தெரியும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மாதம் ஒரு முறை ஓட்டுகிறவருக்கு இது வெறும் ஆடம்பரம் இல்லை.

தினமும் தாம்பரம், கிண்டி டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவருக்குக் கதை மாறும். டர்போவுடன் வரும் ஆட்டோமேட்டிக், 7 கியர் டிசிடி. உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கும், இரண்டும் உலர் வகை. பம்பர் டு பம்பர் நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு நகர்த்தும்போது அந்த கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும். சிட்டியின் சிவிடியும், வெர்னாவின் சாதா இன்ஜினோடு வரும் ஐவிடியும் அந்த வேலைக்குப் பொருத்தமானவை. கியர் மாறுவதே தெரியாது. ஆக்ஸிலரேட்டரை வேகமாக மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் கொஞ்சம் பின்னால் வரும், அவ்வளவுதான் குறை.

மைலேஜ் கணக்கு எப்படிப் போடுவது?

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ் இது: சிட்டி மேனுவல் 17.8, சிவிடி 18.4 கி.மீ. வெர்னா சாதா இன்ஜின் மேனுவல் 18.6, ஐவிடி 19.6. டர்போ டிசிடி 20.6. டர்போதான் அதிக மைலேஜ் தருமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். இவை சோதனைக்கூடத்தில், சீரான வேகத் திட்டத்தில் எடுத்த எண்கள். சிட்டி டிராஃபிக்கில் டர்போ கூடுதலாகவே குடிக்கும்.

மைலேஜ்தான் முக்கியம் என்பவர்களுக்கு ஹோண்டா வைத்திருக்கும் பதில், சிட்டி ஹைப்ரிட். நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 27.13 கி.மீ. விலை சில லட்சம் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் திரும்ப வருமா?

ஒரு கணக்கு. சிவிடிக்கும் ஹைப்ரிட்டுக்கும் வித்தியாசம் 3.5 லட்சம் ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் சொல்லும் மைலேஜ்படி 1,000 கிலோமீட்டருக்கு மிச்சம் ஆவது 17.5 லிட்டர், அதாவது சுமார் 1,750 ரூபாய். 3.5 லட்சம் திரும்ப வர 2 லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் 16 வருடத்துக்கு மேல்.

ஆனால் ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டி என்றால் இடைவெளி பெரிதாகும். நெரிசலில் பெட்ரோல் சிவிடி 11 கி.மீ.யும் ஹைப்ரிட் 20 கி.மீ.யும் தருவதாக வைத்தால், 1,000 கிலோமீட்டருக்கு 4,090 ரூபாய் மிச்சம். அப்போது ஏறக்குறைய 85,000 கிலோமீட்டரில், அதாவது ஏழு வருடத்தில் பணம் திரும்பிவிடும். ஹைப்ரிட் பேட்டரிக்கு வாரன்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.

ஹைப்ரிட் வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது டிக்கி. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர் இருக்கும் டிக்கி, ஹைப்ரிட்டில் பேட்டரி எடுத்துக்கொண்டது போக 306 லிட்டர்தான். வெர்னாவில் 528 லிட்டர். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி வரும் வீடு என்றால், இந்த 200 லிட்டரை மைலேஜுக்குச் சமமாக யோசிக்க வேண்டும்.

வசதிகள்?

இதில் வெர்னா தெளிவாக முன்னால் நிற்கிறது. டாப் வேரியன்ட்டில் 10.25 இன்ச் திரை, காற்று வரும் முன் சீட், போஸ் ஸ்பீக்கர் என்று எல்லாம் உண்டு. சித்திரை வெயிலில் காற்று வரும் சீட்டின் அருமை தெரியும். சிட்டியில் 8 இன்ச் திரை, அந்த சீட் கிடையாது. வேலை செய்யும், அசத்தாது.

15 லட்சம் கார், கையை விட்டுப் போவது எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்து பெட்ரோல் செடானுக்கு 45 சதவீதம் இருந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை 15 லட்சம் என்றால் அதில் சுமார் 4.28 லட்சம் ஜிஎஸ்டி. அதன் மேல் தமிழ்நாட்டின் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதாவது இன்னொரு 2.7 லட்சம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைப்ரிட்டின் விலை இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருவதால் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள். வெர்னா தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், சிட்டி ராஜஸ்தானின் தபுகாராவில். உள்ளூர் வண்டி என்பதற்காக வரியில் சலுகை எதுவும் கிடையாது.

10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். 15 லட்சத்துக்கு 15,000 ரூபாய். இது செலவு இல்லை, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்று வருட தேர்டு பார்ட்டி கட்டாயம். அந்தக் கட்டணம் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். 2022 அறிவிப்பின்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய், 1,500ஐத் தாண்டினால் 24,596 ரூபாய். இரண்டு காரின் இன்ஜினும் 1,500க்குள் அடங்குவது தற்செயல் இல்லை. சொந்த சேதத்துக்கான பிரீமியம்தான் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, அந்தக் கோட்டேஷனை டீலரிடம் காட்டினால் அவரே குறைப்பது சகஜம்.

லோனில் இஎம்ஐயை மட்டும் பார்க்காதீர்கள். 12 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதம் சுமார் 19,300 ரூபாய். மொத்த வட்டி 4.2 லட்சம். அதையே 5 வருடமாக்கினால் மாதம் 24,900, வட்டி 2.95 லட்சம். "மாசம் அஞ்சாயிரம் கம்மி சார்" என்று சொல்லப்படும் இடத்தில் கூடுதலாகப் போவது 1.27 லட்சம்.

அப்போ எதை வாங்குவது?

பெரியவர்கள் அடிக்கடி பின் சீட்டில் ஏறி இறங்கும் வீடு, பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம், மேனுவல் வண்டியிலும் அடாஸ் வேண்டும் என்றால் சிட்டியின் நடு வேரியன்ட் பக்கம் சாயலாம். ஓட்டுபவருக்கு ஓட்டுவது பிடிக்கும், மாதம் ஒரு முறையாவது நீண்ட ஹைவே, பின்னால் உட்காருவது குழந்தைகள் என்றால் வெர்னா டர்போ. பட்ஜெட் இறுக்கம், ஆனால் ஆறு ஏர்பேக்கும் பெரிய டிக்கியும் வேண்டும் என்றால் வெர்னாவின் கீழ் வேரியன்ட்களில் கொடுக்கும் காசுக்கு அதிகம் கிடைக்கிறது. தினமும் நெரிசலில் பல மணி நேரம், லக்கேஜ் குறைவு என்றால் மட்டும் ஹைப்ரிட்.

முடிவு எதுவானாலும், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். சேசிஸ் எண்ணையும், எந்த மாதம் தயாரானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டாக் என்றால் தள்ளுபடி கேட்க அதுதான் நேரம். நம்பர் விழுந்த பிறகு கேட்டால் டீலர் அசைய மாட்டார்.