மலிவு விலை டிவிடி ரெக்கார்டர்களும் அவற்றின் படத்தரத்தை மதிப்பிட்ட வரலாறும்

டிவிடி ரெக்கார்டர் என்பது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் பழைய வீடியோ கேசட்டுகளில் உள்ள காட்சிகளையும் வெற்று டிவிடி தட்டில் பதிவு செய்வதற்கு வீடுகளில் பயன்பட்ட கருவியாகும். இதற்குக் கணினி தேவையில்லை. அதுவரை வி.சி.ஆர். இருந்த இடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இதை வைத்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இதன் செல்வாக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளே நீடித்தது. ஆயினும் அந்தப் பத்தாண்டுகளில்தான் பல நாடுகளில் வீட்டு விசேஷங்களின் கேசட்டுகள் தட்டுகளாக மாறின. மாறிய பின் பெரும்பாலும் கேசட்டுகள் குப்பைக்குப் போயின. எனவே, வாங்கிய கருவி படத்தை எப்படிப் பதிவு செய்கிறது என்று அன்று சரியாகப் பார்த்தார்களா என்பது சாதாரணக் கேள்வி அல்ல. இன்று அந்தக் குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தட்டு மட்டுமே.

விலை இறங்கிய விதம்

வீட்டில் பதிவு செய்யும் பழக்கத்தைப் பரப்பியவை 1975இல் வந்த சோனியின் பீட்டாமேக்ஸும் 1976இல் வந்த ஜேவிசியின் வி.எச்.எஸ்.ஸும் ஆகும். 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி அறிமுகமானபோது அது பார்ப்பதற்கு மட்டுமே உரியதாக இருந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கான முதல் டிவிடி ரெக்கார்டரைப் பயனியர் நிறுவனம் 1999 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அதன் விலை 2,50,000 யென். அடுத்து பானசோனிக்கும் பிலிப்ஸும் களத்தில் இறங்கின. ஆளுக்கொரு தட்டு வகையைத் தூக்கிப் பிடித்ததால், எந்தத் தட்டு எந்தக் கருவியில் ஓடும் என்பதே வாங்குவோருக்கு முதல் தலைவலியாயிற்று.

2004, 2005ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் 100, 150 டாலர் விலைக்கே ரெக்கார்டர்கள் வரத் தொடங்கின. இதற்குக் காரணம் ஒற்றைச் சில்லு. படத்தை வாங்குதல், சுருக்குதல், தட்டில் எழுத அனுப்புதல், மீண்டும் விரித்துக் காட்டுதல் ஆகிய வேலைகளை முன்பு தனித்தனிச் சில்லுகள் செய்தன. எல்எஸ்ஐ லாஜிக் போன்ற நிறுவனங்கள் அவற்றை ஒரே சில்லுக்குள் அடக்கின. அதை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தத் தெரிந்த எவரும் ரெக்கார்டர் தயாரிப்பாளர் ஆகலாம் என்ற நிலை வந்தது. பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே சில்லாக இருப்பதும் உண்டு. ஆனால் அதைச் சுற்றியிருந்த உள்ளீட்டுச் சுற்றுகளில்தான் செலவு மிச்சம் பிடிக்கப்பட்டது. மலிவுக் கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு அந்த இடத்தில்தான் இருந்தது.

ஒரு தட்டில் எத்தனை மணி நேரம்?

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 470 கோடி பைட்டுகள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள் என்றால் 3,760 கோடி பிட்டுகள். இதை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 104 லட்சம் பிட்டுகள் கிடைக்கும். இரண்டு மணிக்கு 52 லட்சம். நான்கு மணிக்கு 26 லட்சம். ஆறு மணிக்கு 17 லட்சம் சொச்சம். எக்ஸ்பி, எஸ்பி, எல்பி, ஈபி என்று ரெக்கார்டர்களில் இருந்த நான்கு வகைகள் பெரும்பாலும் இந்த வகுத்தல் கணக்கிலிருந்து பிறந்தவையே.

இனி மறுபக்கத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் டிவிடியின் ஒரு சட்டகம் 720க்கு 480 படப்புள்ளிகள் கொண்டது. நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். இதைச் சுருக்காமல் வைக்க நொடிக்கு சுமார் 1,240 லட்சம் பிட்டுகள் வேண்டும். ஆக, இரண்டு மணி வகையில் கூட 24இல் ஒரு பங்காகப் படம் சுருக்கப்படுகிறது. ஆறு மணி வகையில் இது 70இல் ஒரு பங்கு. (இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் முறையில் 720க்கு 576, நொடிக்கு 25 சட்டகங்கள். 480ஐ 30ஆலும் 576ஐ 25ஆலும் பெருக்கினால் விடை ஒன்றே என்பதை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். சுமை இரண்டிலும் சமம்.)

சுருக்கும் வேலையை எம்பெக்-2 என்ற முறை செய்கிறது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய சட்டகத்திலிருந்து மாறாத கட்டத்தை மீண்டும் எழுதாமல் விட்டுவிடுவதே அதன் அடிப்படைத் தந்திரம். செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் மாறுவதில்லை; அதற்குப் பிட்டுகள் செலவில்லை. அலையடிக்கும் கடல், கைதட்டும் கூட்டம், அடுத்தடுத்து மின்னும் கேமரா ஒளி ஆகியவற்றில் எல்லாமே மாறுகிறது. அப்போது கைவசமுள்ள பிட்டுகள் போதாமல், கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்படி சதுரம் சதுரமாக உடைகின்றன. எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்ப்பது போன்ற நடுக்கமும் தோன்றும்.

கடையில் விற்கும் திரைப்பட டிவிடியும் இதே எம்பெக்-2 முறையில் ஆனதுதான். ஆனால் அதைத் தயாரிப்பவர்கள் படத்தை முழுவதும் ஒருமுறை அலசி, எங்கே அதிகப் பிட்டுகள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பிறகே சுருக்குவார்கள். வீட்டு ரெக்கார்டருக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த நொடி என்ன வரும் என்று அறியாமல், வரவர எழுதியாக வேண்டும். இந்த நியாயமற்ற ஒப்பீட்டில் ரெக்கார்டர்கள் பல முறை தோற்றன.

நான்கு மணி வகையில் பல கருவிகள் படத்தின் அகலத்தை 720 புள்ளிகளிலிருந்து 352ஆகக் குறைத்துவிடும். கேட்கும்போது இது மோசடி போலத் தோன்றும். உண்மையில் இது நல்ல ஏற்பாடே. வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்டத் துல்லியம் சுமார் 240 வரிகள். 352 புள்ளிகளில் 260 வரிகளுக்கு மேல் அடங்கும். பிட்டுகள் குறைவாக உள்ளபோது அகலத்தைக் குறைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பங்கு கூடுகிறது, சதுரங்கள் குறைகின்றன. அகலத்தைக் குறைக்காமல் அதே பிட்டுகளில் சமாளிக்க முயன்ற கருவி, விவரக்குறிப்பில் பெரிய எண்ணைக் காட்டியது; சுருக்கும் பகுதி திறமையானதாக இல்லையென்றால் திரையில் சதுரங்களையும் காட்டியது.

பழைய நாடாவுக்கு ஏன் அதிக இடம் வேண்டும்?

அக்காலத்தில் பலரும் செய்த பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. "கேசட்டே மங்கல்தானே, அதற்கு எதற்கு நல்ல வகை?" என்று எண்ணி ஆறு மணி வகையில் மூன்று கேசட்டுகளை ஒரே தட்டில் அடைத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும் இந்த எண்ணம் முற்றிலும் தலைகீழானது. பழைய நாடாவில் பொடிப்பொடியாக இரைச்சல் இருக்கும். அந்தப் பொடி சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறும். சுவர் அசையாமல் இருந்தாலும் சுவரின் மேல் பொடி அசைகிறது. சுருக்கும் சில்லுக்குச் சுவர் எது, பொடி எது என்று தெரியாது. எல்லாம் மாறிவிட்டதாகவே எண்ணி, பிட்டுகளைப் பொடிக்கே செலவழிக்கும். முகத்துக்கு மிஞ்சுவது குறைவு. அகலத்தைக் குறைப்பது துல்லியத்துக்குப் போதுமானதாக இருந்தாலும், இரைச்சல் மிகுந்த நாடாவுக்குப் பிட்டுகள் தாராளமாக வேண்டும். மோசமான மூலத்துக்கே நல்ல வகை தேவை.

இரைச்சலை முதலிலேயே வடிகட்டும் வசதி சில கருவிகளில் இருந்தது. அதை மிகுதியாக வைத்தால் வேறொரு சங்கடம் வரும்: அசையும் கையின் பின்னால் புகை போன்ற தடம் ஓடும், தோல் மெழுகு பூசியது போலாகும். நாடாவில் வரிகள் சற்று முன்பின்னாக வரும் நடுக்கத்தைச் சீராக்கும் நேரச் சீராக்கிச் சுற்றும் உண்டு. மலிவுக் கருவிகளில் இது பலவீனமாகவோ இல்லாமலோ இருந்ததால், தூண்களும் கதவு நிலைகளும் நெளிந்தபடியே பதிவாயின. தேய்ந்த வீட்டு நாடாவின் நிலையற்ற குறிகையைப் பதிப்புரிமைப் பூட்டு என்று தவறாகக் கருதி, சொந்த வீட்டுக் கல்யாணத்தையே நகலெடுக்க மறுத்த கருவிகளும் உண்டு.

கடையில் பார்த்ததும் வீட்டில் கண்டதும்

வாங்குபவர் கடையில் படத்தரத்தை மதிப்பிடுவது ஏறக்குறைய இயலாத காரியமாக இருந்தது. கடையில் ஓடியது பெரும்பாலும் திரைப்பட டிவிடி. அது காட்டுவது கருவியின் இயக்கும் திறமையை. பதிவுத் திறமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வீட்டுக்கு வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. பதிவு நடக்கும்போது திரையில் தெரிவது, பல கருவிகளில், உள்ளே வரும் குறிகையே தவிர பதிவான படம் அன்று. பதிவு முடிந்த தட்டைப் போட்டு, மூலத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எந்தக் கம்பியில் இணைத்தார்கள் என்பதும் முக்கியம். மஞ்சள் முனைக் கம்பியில் ஒளிர்வும் நிறமும் ஒன்றாகக் கலந்து வரும். அதை மீண்டும் பிரிக்கும் சுற்று மலிவானதாக இருந்தால், நிற ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்து செல்லும், கோடுபோட்ட சட்டையில் வானவில் மின்னும். எஸ்-வீடியோ கம்பியில் இரண்டும் தனித்தனியே வருவதால் இந்தக் குறை தவிர்ந்தது. இணைப்புக் கம்பியை மாற்றினாலே தீர்ந்திருக்கும் குறைக்குக் கருவியைத் திட்டியவர்கள் பலர்.

விலையுயர்ந்த வெற்றுத் தட்டு வாங்கினால் படம் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. இது நாடாக் காலத்தின் மிச்சம். தரமான தட்டு நீண்ட நாள் உழைக்கும், இடையில் நின்றுபோகாது. ஆனால் படத்தின் கூர்மையில் அது ஒரு துளியும் கூட்டாது. தட்டில் உள்ளவை எண்கள். படிக்க முடிந்தால் முழுப்படம், முடியாவிட்டால் உறைந்த படம்.

வெளிறிய கறுப்பு

அமெரிக்காவில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அங்கு அனலாக் குறிகையில் கறுப்பின் அளவு பூச்சியத்துக்குச் சற்று மேலே, 7.5 அலகில் வைக்கப்படும். ஜப்பானில் அதே என்டிஎஸ்சி முறையில் கறுப்பு பூச்சியத்திலேயே இருக்கும். ஜப்பானிய அளவுக்கு வடிவமைத்த உள்ளீட்டில் அமெரிக்கக் குறிகையைக் கொடுத்தால் கறுப்பு சாம்பலாகப் பதிவாகும். கூர்மை குறையாது, சதுரமும் தோன்றாது. படம் மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறியிருக்கும். காரணம் தெரியாதவர்கள் தொலைக்காட்சியின் ஒளிர்வைத் திருகித் திருகி ஓய்ந்தார்கள். நிறப்பட்டை கொண்ட சோதனைப் படத்தைப் பதிவு செய்து அளந்தவர்களே இதைக் கண்டுகொண்டார்கள். பால் முறையில் இந்தக் கூடுதல் 7.5 இல்லாததால் இந்தியா போன்ற நாடுகளில் இது எழவில்லை.

கண்ணா, கருவியா?

ஒளிபரப்புத் துறையில் படத்தரத்தை அளக்க 1974 முதலே ஒரு பன்னாட்டுப் பரிந்துரை உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.500 என்பது அதன் பெயர். துறை அறியாத குறைந்தது 15 பேரை, வரையறுத்த வெளிச்சத்திலும் தொலைவிலும் உட்காரவைத்து, மிக நன்று முதல் மோசம் வரை ஐந்து படிகளில் மதிப்பெண் இடச் செய்வார்கள். இதைக் கணினிக் கணக்கால் செய்ய முடியாதா என்று ஆராய 1997இல் வல்லுநர் குழு ஒன்று உருவாயிற்று. 2000இல் வந்த அதன் முதல் கட்ட முடிவு அடக்கமானது: சோதித்த புதிய கணக்கு முறைகளில் எதுவும், படப்புள்ளிகளின் வேறுபாட்டை மட்டும் அளக்கும் பழைய எளிய கணக்கைவிடத் தெளிவாக மேம்பட்டதாக இல்லை. இவ்வளவு ஏற்பாடும் 120 டாலர் ரெக்கார்டருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பெரும்பாலும் ஒருவர், தம் வீட்டுத் திரையில், தமக்குப் பிடித்த காட்சியை வைத்து மதிப்பிட்டார்.

அந்தத் திரையும் பெரும்பாலும் 27 அங்குலம் போன்ற கண்ணாடிக்குழாய்த் திரை. அதன் இயல்பான மென்மை சதுரங்களை மறைத்துவிடும். சில ஆண்டுகளில் வீடுகளுக்குத் தட்டைத் திரைகள் வந்து, 40 அங்குலத்தில் அதே தட்டைப் போட்டபோது, நன்றாக இருப்பதாக ஏற்கப்பட்ட பதிவுகளில் சதுரங்கள் வெளிப்பட்டன. முதலில் பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரை அதைக் காட்டவில்லை.

மறைவு

2007 மார்ச் 1 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் தொலைக்காட்சி வாங்கிகள் அனைத்திலும் எண்முறை அலைவாங்கி இருக்க வேண்டும் என்ற விதி ரெக்கார்டர்களுக்கும் பொருந்தியது. இதனால் அடக்கவிலை கூடியது. வன்தட்டில் பதிவு செய்யும் கருவிகள் ஏற்கனவே வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தன. பல நிறுவனங்கள் சந்தையை விட்டு விலகின. 2009 ஜூன் 12இல் அங்கு முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பும் நின்றது. வி.சி.ஆர். மட்டும் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடிருந்தது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதன் உற்பத்தியை நிறுத்தியது.

கேசட்டை எறியாமல் பரணில் வைத்திருந்தவர்கள் இப்போது பழைய வி.சி.ஆர். தேடிப் பிடித்து, கணினி வழியாக மறுபடியும் நகலெடுக்கிறார்கள். ஆறு மணி வகையில் பதிந்துவிட்டுக் கேசட்டை எறிந்தவர்களின் தட்டில், ஆரத்தி எடுக்கும் பெண்ணின் முகம் பதினாறு புள்ளிச் சதுரங்களாகவே இருக்கிறது.